வீல்சேரோடு மோட்டார்ஹோம்: பிரிட்டனில் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுடன் வெளியூர் போய்த் தங்குவது எங்கள் வீட்டில் பெரிய சோதனையாகிவிட்டது. ‘வீல்சேர் வசதி உண்டு’ என்று போட்டிருக்கும் ஹோட்டல் அறையில் கட்டில் இடுப்பளவு உயரம் இருக்கும். குளியலறை வாசலில் ஒரு படி இருக்கும். கட்டிலும் கழிப்பறையும் கூடவே வந்தால் நிம்மதி என்றுதான் மோட்டார்ஹோம் தேடத் தொடங்கினோம். வரி பற்றி அறிய ஓரிடம், லைசன்ஸுக்கு ஓரிடம், வீல்சேரை வண்டிக்குள் ஏற்றும் லிஃப்டுக்கு வேறோரிடம் என்று அலைய வேண்டியிருந்தது. மோட்டார்ஹோம் விற்பவருக்கு வீல்சேர் பற்றித் தெரியவில்லை. வீல்சேர் தெரிந்தவருக்கு மோட்டார்ஹோம் தெரியவில்லை.

நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்று இதை எழுதுகிறேன். விதிகள் எல்லாம் பிரிட்டனுக்கானவை. எந்த வேலையை எப்போது செய்கிறோம் என்பதில் கவனமாக இருங்கள். முதலில் ஆளை அளக்க வேண்டும், பிறகு எடைக் கணக்கு, பிறகு வாசல், பிறகு வரிப் படிவம். பணம் கட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

1. வண்டியைப் பார்க்கும் முன் ஆளை அளந்துகொள்ளுங்கள்

ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: வீல்சேரின் முழு அகலம் (சக்கரத்தைத் தள்ளும் கை முட்டிகளுக்கும் இடம் சேர்த்து), கால்வைப்புப் பலகை உட்பட நீளம், இருக்கையின் உயரம், உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து தலை உச்சி வரை உயரம், நாற்காலியின் எடை, ஆளின் எடை. டீலரிடம் போகும்போது இந்தத் தாளும் அளவு நாடாவும் கையில் இருக்கட்டும். விளம்பரப் புத்தகத்தில் ‘அகலமான வாசல்’ என்று இருக்கும். எத்தனை சென்டிமீட்டர் என்று இருக்காது.

அடுத்து, அவரால் என்ன முடியும் என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். கைப்பிடித்து நாலு படி ஏறுவாரா? ஏற முடியாது, ஆனால் எழுந்து நின்று இருக்கை மாறுவாரா? ஹாய்ஸ்ட் (ஆளைத் தூக்கி மாற்றும் கருவி) இல்லாமல் மாறவே முடியாதா? முதல் வகையினருக்குச் சாதாரண மோட்டார்ஹோமில் ஒரு நல்ல படியும் இரண்டு கைப்பிடிகளும் போதும். லிஃப்டுக்குச் செலவழிக்க வேண்டாம். இரண்டாம் வகைக்கு வாசலும் கட்டில் உயரமும் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மூன்றாம் வகை என்றால் கடையில் நிற்கும் சாதாரண வண்டிகளைப் பார்ப்பதே வீண். வீல்சேருக்கென்றே கட்டும் நிறுவனத்திடம் நேராகப் போங்கள்.

பார்கின்சன், எம்எஸ் (மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்) போன்ற நோய் என்றால் இன்றைய நிலையை மட்டும் வைத்து வாங்காதீர்கள். இன்று நாலு படி ஏறுபவர் மூன்று வருஷம் கழித்து ஏற மாட்டார் என்றால், பின்னாளில் லிஃப்ட் போட இடமுள்ள வண்டியாகப் பாருங்கள். கூடவே, தூக்கி விடுபவரின் முதுகையும் கணக்கில் எடுங்கள். எங்கள் வீட்டில் அந்த முதுகு என்னுடையது. கவுன்சில் மூலமாகவோ அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் மூலமாகவோ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்ய வழிகாட்டுபவர்) ஒருவர் உங்களுக்கு இருந்தால், கட்டில் உயரமும் கைப்பிடி இடமும் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2. லைசன்ஸையும் எடையையும் சேர்த்துப் பாருங்கள்

கார் டெஸ்டை 1997 ஜனவரி 1 முதல் தேறியவர்களின் பி வகை லைசன்ஸில் டீசல், பெட்ரோல் வண்டிகளை 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். இது காலி வண்டியின் எடையல்ல. வண்டி, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட உச்ச எடை. அதற்கு முன்பு தேறியவர்களுக்குப் பொதுவாக சி1 வகையும் சேர்ந்தே கிடைத்திருக்கும். 7,500 கிலோ வரை ஓட்டலாம். ஆனால் 70 வயதில் சி1 தானாகத் தொடராது. டி4 என்ற மருத்துவப் படிவத்தை டாக்டர் நிரப்பித் தர வேண்டும், அதற்கு அவர் தனிக் கட்டணம் வாங்குவார். அப்பாவின் பழைய லைசன்ஸை நம்பிக் கனமான வண்டி வாங்குவதாக இருந்தால் அவர் வயதை ஒரு தரம் பாருங்கள்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் தேறியவர் கியர் வண்டி ஓட்டக் கூடாது. லைசன்ஸின் பின்புறம் 78 என்ற குறியீடு இருக்கும். பழைய மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை கியர் வண்டிகள். இன்னொன்று, ஊரிலிருந்து வரும் தம்பியோ மச்சானோ ஓட்டுவார் என்ற திட்டம். இந்திய, இலங்கை லைசன்ஸில் இங்கே வந்து 12 மாதம் வரை 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டி ஓட்ட சட்டம் இடம் தருகிறது. இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு கேள்வி, முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

சரி, எடைக்கு வருவோம். 3,500 கிலோ வண்டி ஒன்றில் 450 கிலோ ஏற்றலாம் என்று காகிதத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்கான 75 கிலோவைத் தயாரிப்பாளர் ஏற்கெனவே கழித்திருப்பார். அடியில் பொருத்தும் லிஃப்ட் 170 கிலோ என்றால் மிச்சம் 280. மின்சார வீல்சேர் 120 கிலோ, மிச்சம் 160. அம்மா 60 கிலோ, மிச்சம் 100. கூடுதல் பேட்டரியும் இன்வெர்ட்டரும் 30 கிலோ, மிச்சம் 70. மூன்றாவதாக ஒருவர் ஏறி உட்கார்ந்தால் கணக்கு முடிந்தது. அரிசி, குக்கர், போர்வை, கமோடு நாற்காலி எதற்கும் இடமில்லை. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. பல தயாரிப்பாளர்கள் 10, 20 லிட்டரை மட்டும் கணக்கில் எடுத்துவிட்டு 100 லிட்டர் தொட்டி வைத்திருப்பார்கள். அதோடு, காகிதத்தில் உள்ள வெற்று எடை 5 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம். அதனால் வாங்கும் முன் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோய் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். தயங்கும் டீலரிடம் வாங்காதீர்கள்.

மொத்த எடை மட்டும் பார்த்தால் போதாது, சக்கர அச்சு ஒவ்வொன்றும் தாங்கும் எடைக்கும் எல்லை உண்டு. பின் சக்கரத்துக்கும் பின்னால் லிஃப்டைத் தொங்கவிட்டால், நெம்புகோல் போல அது முன்பக்கத்தைத் தூக்கும். லிஃப்டின் எடையைவிட அதிகமான பாரம் பின் அச்சில் விழும். முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் ஈரப் புல்லில் சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும்.

சில வண்டிகளின் உச்ச எடையைப் பொறியியல் சான்றோடு உயர்த்திப் பதிவு செய்யலாம். பல நேரம் இதற்குச் சில நூறு பவுண்ட் செலவில் காகித வேலை மட்டும் போதும். ஆனால் 3,500 கிலோவைத் தாண்டியதும் பி லைசன்ஸ்காரர் ஓட்ட முடியாது. பிரான்ஸில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளில் 2021 முதல் ‘மறைபுலம்’ (ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத பகுதி) எச்சரிக்கை ஸ்டிக்கர் கட்டாயம். ஆஸ்திரியாவில் சாலைக் கட்டண முறையே வேறு. பிரிட்டனில் வேகத்துக்கு இன்னொரு எல்லைக்கோடு: காலி எடை 3.05 டன்னைத் தாண்டிய மோட்டார்ஹோம் நடுவில் தடுப்பில்லாத ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், தடுப்புள்ள இரட்டைச் சாலையில் 60 மைல்தான் போகலாம்.

3. வாசலும் தரையும்

தரை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ஃபியட் டுகாட்டோ வேனில் பின்பக்கத் தரை சுமார் 55 சென்டிமீட்டர். கட்டடங்களுக்குச் சொல்லப்படும் ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் ராம்ப் வைத்தால் அது 6.6 மீட்டர் நீளம் வேண்டும், அதாவது வண்டியைவிட நீளம். ஒருவர் பின்னாலிருந்து தள்ளுகிறார் என்று வைத்து ஒன்றுக்கு ஆறு சரிவுக்கு வந்தாலும் 3.3 மீட்டர். மடக்கு ராம்ப் விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. இரட்டைத் தரை போட்ட பெரிய மோட்டார்ஹோம்களில் உயரம் இன்னும் கூடும். அங்கே லிஃப்டைத் தவிர வழியில்லை. முன்சக்கர வண்டிகளுக்கு அடியில் பின்னோக்கி ஓடும் தண்டு கிடையாது என்பதால் தரையைத் தாழ்த்திக் கட்ட முடியும். நின்றபின் பின்பக்கத்தைத் தாழ்த்தும் காற்று சஸ்பென்ஷனும் போட்டால் ராம்ப் நடைமுறைக்கு வரும். வீல்சேருக்கென்று கட்டுபவர்கள் பெரும்பாலும் இந்த வகையைத் தேடுவது இதனால்தான்.

அடுத்தது வாசல் அகலம். பெட்டி போன்ற உடல் கட்டிய மோட்டார்ஹோம்களில் வாசல் பெரும்பாலும் 50 முதல் 60 சென்டிமீட்டர். சாதாரண வீல்சேரே 60க்கு மேல். வேன் வகையில் நிலைமை நல்லது: டுகாட்டோவின் பின்கதவுத் திறப்பு 156 சென்டிமீட்டர், பக்கவாட்டில் நகர்த்தித் திறக்கும் கதவு 125. ஆனால் 125 என்று நம்பிப் போனால், அதில் பாதியைச் சமையல் மேடை அடைத்துக்கொண்டு நிற்கும். பின்கதவைத் திறந்தால் குறுக்கே நிரந்தரக் கட்டில் கிடக்கும். எனவே பின்பக்கம் சோபா போட்டு நடுவில் நேர் நடைபாதை விட்ட அமைப்பு, அல்லது கூரையிலிருந்து இறங்கும் கட்டில் உள்ள அமைப்பு. இந்த இரண்டைத் தவிர மற்றவற்றில் வீல்சேர் உள்ளே போகாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

பக்கவாட்டு லிஃப்ட் போடுவதாக இருந்தால் வாசல் எந்தப் பக்கம் என்பதை முதலில் பாருங்கள். ஐரோப்பாவில் கட்டிய பல வண்டிகளில், ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றித் தந்தாலும், வாசல் வலப்பக்கமே இருக்கும். இங்கே சாலையோரம் நிறுத்தினால் லிஃப்ட் போக்குவரத்துக்குள் இறங்கும். கடையின் முற்றத்தில் நிற்கும்போது இது கண்ணில் படாது.

லிஃப்டில் இரண்டு வகை பரவலாக இருக்கிறது. ஒன்று வண்டிக்கு அடியில் பெட்டிபோல் சொருகியிருப்பது. வாசலை அடைக்காது, ஆனால் தண்ணீர்த் தொட்டி, புகைக்குழாய், ஸ்டெப்னி எதனோடாவது இடிக்கும். தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியும் குறையும். மற்றது உள்ளே மடித்து நிறுத்துவது. விலை குறைவு, சுத்தமாகவும் இருக்கும், ஆனால் வாசல் முழுக்க அதுதான். எதுவானாலும் மின்சாரம் போனால் கையால் இயக்கும் பம்ப் இருக்கிறதா என்று கேட்டு, நீங்களே ஒரு தரம் இயக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பம்ப் கைக்கெட்டாத மூலையில்தான் இருக்கும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் யோசித்தே ஆக வேண்டும். அடுப்பில் தீப்பிடித்து லிஃப்ட் வாசலும் அடைபட்டால் அவரை எந்த வழியாக வெளியே எடுப்பீர்கள்? இரண்டாவது வழி ஒன்று, அலங்கோலமாக இழுத்துக்கொண்டு போவதாக இருந்தாலும், இருந்தே தீர வேண்டும். அடுப்பு வாசலுக்கும் கட்டிலுக்கும் இடையில் இருக்கும் அமைப்பை நான் அதனாலேயே ஒதுக்கினேன். புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் பேச்சுக்கே இடமில்லாமல் வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர் என்றால் கேஸ் அடுப்பே வேண்டாம். மின்சார அடுப்புக்கு மாறுங்கள்.

4. வண்டி ஓடும்போது அவர் எங்கே உட்காருவார்?

வீல்சேரிலேயே உட்கார்ந்து பயணம் செய்வதானால், அந்த நாற்காலி மோதல் சோதனையில் தேறியதாக இருக்க வேண்டும். கையேட்டில் ஐஎஸ்ஓ 7176-19 என்று தேடுங்கள். தரையில் பொருத்திய தண்டவாளத்தில் நாலு பட்டைகளால் நாற்காலியைக் கட்ட வேண்டும். ஆளுக்குத் தனியாகத் தோளும் இடுப்பும் சேர்த்த பெல்ட் வேண்டும். இந்தப் பட்டைகளுக்கான தரம் ஐஎஸ்ஓ 10542. நாற்காலி முன்னோக்கியே இருக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து வருவதை யார் ‘பரவாயில்லை’ என்றாலும் ஏற்காதீர்கள். நாற்காலியைக் கட்டும் பெல்ட்டால் ஆளையும் சேர்த்துக் கட்டுவதும் கூடாது.

எழுந்து மாறக்கூடியவர் என்றால் முன் இருக்கைதான் நல்லது. ஆனால் டுகாட்டோ போன்ற வேன்களில் அது உயரம். உள்பக்கமாக வந்து, சுழலும் இருக்கையில் உட்கார்ந்து, முன்னோக்கித் திருப்பிக்கொள்வது எளிது. சுழலும் அடித்தளம் இருக்கையைச் சில சென்டிமீட்டர் உயர்த்திவிடும். குள்ளமானவருக்குக் கால் தொங்கும், ஒரு கால்பலகை செய்துகொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் இடித்து முழுதாகச் சுழலாத வண்டிகளும் உண்டு. காலி வீல்சேரையும் கட்டியே வையுங்கள். திடீர் பிரேக்கில் அது ஆள்மேல் பாயும்.

மாற்றுத்திறனாளியே ஓட்டுவதானால், லைசன்ஸும் வண்டிப் பதிவும் பார்க்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவுக்கு உடல்நிலையைத் தெரிவிப்பது கட்டாயம். நாடெங்கும் இருக்கும் டிரைவிங் மொபிலிட்டி மையம் ஒன்றில் மதிப்பீடு செய்துகொண்டு, அதற்கு அப்புறம் கைக் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பணம் கொடுங்கள்.

5. உள்ளே: கட்டில், கழிப்பறை, கைப்பிடி

வீல்சேர் ஒரு முழு வட்டம் திரும்ப ஒன்றரை மீட்டர் வேண்டும். டுகாட்டோவின் உள்ளகலமே அதிகபட்சம் 187 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் அலமாரி வந்துவிட்டால் திரும்புவது நடக்காது. ஆகவே எந்தத் திசையில் நுழைகிறாரோ அதே திசையில் கட்டிலுக்குப் பக்கமாக வந்து நிற்கும்படி இருக்க வேண்டும். பக்கவாதம் என்றால் எந்தப் பக்கம் பலமோ அந்தப் பக்கமாகத்தான் மாறுவார். அம்மாவுக்கு வலது பக்கம். கண்ணாடிபோல் திருப்பிப் போட்ட அமைப்புள்ள ஒரு வண்டி, மற்றதெல்லாம் பொருந்தியும், எங்களுக்கு ஆகவில்லை.

கட்டில் மேற்பரப்பு வீல்சேர் இருக்கையின் உயரத்துக்கு வர வேண்டும், பொதுவாக 48 முதல் 52 சென்டிமீட்டர். மெத்தை அமுங்கும் அளவையும் கழித்துப் பாருங்கள். நகரும் ஹாய்ஸ்ட் பயன்படுத்துவோர் அதன் கால்கள் நுழையக் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டிகளில் அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டியோ ஹீட்டரோதான் உட்கார்ந்திருக்கும். கூரைத் தண்டவாள ஹாய்ஸ்ட் போடலாம், ஆனால் கூரையில் அதைத் தாங்கச் சட்டம் வேண்டும், எடையும் கூடும்.

கழிப்பறைக்கு ராத்திரி எப்படிப் போவார் என்று நினைத்துப் பாருங்கள். மோட்டார்ஹோம் கழிப்பறைக் கதவு பெரும்பாலும் அரை மீட்டர்கூட இருக்காது. மடங்கும் சுவர்கள் வைத்து ராத்திரியில் மட்டும் விரியும் கழிப்பறை கட்டித் தருபவர்கள் உண்டு. ஒரு திரையும் கட்டிலோர கமோடும் போதும் என்று முடிவு செய்த குடும்பங்களும் நிறைய. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குளியலை வண்டிக்குள் வைக்காதீர்கள் என்பது என் கருத்து. மோட்டார்ஹோம்களை நிறுத்தித் தங்கும் பெரிய முகாம்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஷவர் அறை இருக்கும். அந்த ஒரு சதுர மீட்டரை நடைபாதைக்குக் கொடுங்கள்.

கைப்பிடி சின்ன விஷயம் போலத் தெரியும். மோட்டார்ஹோமின் உட்சுவர் மெல்லிய பிளைவுட், திருகு பிடிக்காது. ஆள் எடையோடு தொங்கினால் சுவரோடு பிய்ந்து வரும். பின்பக்கம் உலோகத் தகடு அல்லது சட்டம் வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். வண்டி கட்டும்போதே செய்தால் மலிவு.

6. மின்சாரம்

மின்சார வீல்சேர் 24 வோல்ட், 60 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் கிட்டத்தட்ட 1.4 யூனிட். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். வண்டியில் இருக்கும் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்று முழுதாக இருந்தாலும் 1.3 யூனிட்டுக்கு மேல் தராது. அதாவது மின் இணைப்பில்லாத இடத்தில் ஒரு ராத்திரி தங்கினாலே, ஒன்று நாற்காலி ஓடும், இல்லை ஹீட்டர் விசிறி ஓடும். இரண்டு பேட்டரி போடுங்கள், அல்லது மின் இணைப்புள்ள முகாமிலேயே தங்குங்கள். தூக்கத்தில் சிபாப் (மூச்சுக்கு உதவும் கருவி) பயன்படுத்துபவர்கள் அதை நேராக 12 வோல்ட்டில் இயக்கும் கம்பியை வாங்கிக்கொண்டால் மிச்சமாகும். ஈரப்பதச் சூடேற்றிதான் அதிகம் இழுக்கும். இன்சுலின் வைப்பவர்கள் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் உள்ள வண்டியாகப் பாருங்கள். கேஸிலும் ஓடும் மும்முறை ஃபிரிட்ஜ் வண்டி சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது.

7. பணம் கட்டும் முன் வாடகைக்கு எடுங்கள்

லிஃப்ட் வைத்த மோட்டார்ஹோமை வாடகைக்குத் தருபவர்கள் பிரிட்டனில் சிலரே. கோடைக்கு மாதக்கணக்கில் முன்பதிவு ஆகிவிடும். ஏப்ரலிலோ அக்டோபரிலோ கேளுங்கள். வாடகை வாரத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டலாம், இருந்தாலும் தவறான வண்டியின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. வாடகை கிடைக்காவிட்டால் பிப்ரவரியிலும் அக்டோபரிலும் பர்மிங்ஹாம் என்இசியில் நடக்கும் மோட்டார்ஹோம் கண்காட்சிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே நாளில் பல அமைப்புகளில் ஏறி இறங்கிப் பார்க்கலாம். வாரநாளில் போனால் கூட்டம் குறைவு.

8. காகிதங்கள்: எது முதலில், எது பிறகு

வாட் விலக்குதான் மிகப் பெரிய தொகை. வழக்கமாக வீல்சேர் பயன்படுத்துபவருக்காக, கணிசமாகவும் நிரந்தரமாகவும் மாற்றியமைத்த வண்டி என்றால் 20 சதவீத வாட் கிடையாது. வாட் இல்லாமல் 60,000 பவுண்ட் வண்டியில் மிச்சம் 12,000. இதற்கு அரசு உதவித்தொகை எதுவும் வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாட் 1615ஏ என்ற படிவத்தை மாற்றுத்திறனாளி நிரப்பிக் கையெழுத்திட்டு விற்பவரிடம் தர வேண்டும். வண்டி அவருடைய சொந்தப் பயன்பாட்டுக்கு. பில்லும் அவர் பெயரில் இருக்கட்டும். பொதுவாக மூன்று வருஷத்துக்கு ஒரு வண்டிதான்.

பொறி எங்கே என்றால், மாற்றம் முடிந்த வண்டியாக அது உங்களுக்கு விற்கப்பட வேண்டும். ஒரு டீலர் எங்களிடம், ‘இப்போது வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், லிஃப்டை அப்புறம் போட்டுவிட்டு வரியைத் திரும்பக் கேளுங்கள்’ என்றார். அப்படிச் செய்தால் வண்டியின் மீதான வாட் போனது போனதுதான். லிஃப்ட் போடும் வேலைக்கு மட்டும் விலக்கு கிடைக்கும். ஆட்டோமேட்டிக் கியர், பார்க்கிங் சென்சார் போன்றவை மாற்றமாகக் கணக்கில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது சாலை வரி. மாற்றுத்திறனாளிகளுக்கான பிஐபி உதவித்தொகையில் நடமாட்டப் பகுதி உயர்ந்த விகிதத்தில் வாங்குபவருக்கு முழு விலக்கு. சாதாரண விகிதம் என்றால் பாதி. வண்டி அவர் பெயரிலோ அவர் நியமித்த ஓட்டுநர் பெயரிலோ இருக்க வேண்டும், அவருடைய தேவைக்கு மட்டுமே ஓட வேண்டும். முழு விலக்கானால் முதல் தடவை போஸ்ட் ஆபீஸில் வி5சி (வண்டியின் பதிவுச் சான்று), தகுதிச் சான்று, எம்ஓடி (வருடாந்திரச் சோதனைச் சான்று) எல்லாம் கொண்டுபோய் வகையை மாற்ற வேண்டும். ஓய்வூதிய வயதுக்குப் பிறகு முதன்முறையாக உதவி கேட்பவர்களுக்குக் கிடைப்பது அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். அதில் நடமாட்டப் பகுதியே இல்லை, ஆகவே இந்த விலக்கும் இல்லை. நம் அம்மா அப்பாக்களில் பலர் இந்த வகைதான். விலக்கு ஒரு வண்டிக்கு மட்டும் என்பதால், மோட்டபிலிட்டி கார் (நடமாட்ட உதவித்தொகைக்குப் பதிலாகக் குத்தகைக்குக் கிடைப்பது) வைத்திருப்பவர்களும் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

லண்டன்வாசிகள் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் பகுதி) பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லா லண்டன் பகுதிகளும் அதற்குள் வந்துவிட்டன; டீசல் என்றால் யூரோ 6 இருந்தால் கவலையில்லை, இல்லாவிட்டால் 3.5 டன் வரையிலான வண்டிக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்ட். மாற்றுத்திறனாளி வரி வகையில் பதிவான வண்டிக்கு 2027 அக்டோபர் 24 வரை விலக்கு உண்டு. அந்தத் தேதியை நம்பிப் பழைய டீசல் வாங்க வேண்டாம்.

சரக்கு வேனை வாங்கி நீங்களே மாற்றுவதானால், வி1006 என்ற சரிபார்ப்புப் பட்டியலும் படங்களும் வைத்து டிவிஎல்ஏவுக்கு அனுப்பி ‘மோட்டார் கேரவன்’ என்று வி5சியில் மாற்றக் கேட்கலாம். 2019க்குப் பிறகு வெளித்தோற்றத்தையும் பார்க்கிறார்கள், பலருக்கு மறுப்பு வருகிறது. மறுத்தால் வண்டியை ஓட்ட முடியாது என்றில்லை, ஆனால் இன்ஷூரன்ஸுக்கு அதை அப்படியே சொல்ல வேண்டும். லிஃப்ட், சுழலும் இருக்கை, தண்டவாளம் ஒவ்வொன்றையும் எழுத்தில் தெரிவித்து, மாற்றங்களின் மதிப்பையும் சேர்த்து ஒப்புக்கொண்ட தொகைக்கு இன்ஷூரன்ஸ் எடுங்கள்.

9. செலவும் காலமும்

தோராயமாகச் சொல்கிறேன், பழைய வேன் வகை மோட்டார்ஹோம் நல்ல நிலையில் 25,000 முதல் 45,000 பவுண்ட். வீல்சேருக்கென்றே புதிதாகக் கட்டியது எளிதில் 80,000ஐத் தாண்டும். அடியில் சொருகும் லிஃப்ட் பொருத்துக்கூலியோடு பல ஆயிரம், சுழலும் அடித்தளம் சில நூறு, கைக் கட்டுப்பாட்டுக் கருவி நூறுகளில் தொடங்கி ஆயிரங்கள் வரை. பழைய வண்டி என்றால் ஈரக் கசிவுச் சோதனை அறிக்கை இல்லாமல் பேசவே வேண்டாம். லிஃப்டின் வருடாந்திரப் பராமரிப்புச் செலவைத் தனியாக ஒதுக்குங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ப்ளூ பேட்ஜுக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டி நிறுத்த அனுமதி அட்டை) கவுன்சில் 12 வாரமோ அதற்கு மேலோ எடுக்கலாம். இங்கிலாந்தில் கட்டணம் 10 பவுண்டுக்கு மேல் இல்லை, மூன்று வருஷம் செல்லும். இதை முதல் நாளே போட்டுவிடுங்கள். தபாலில் அனுப்பிய வி5சி வர ஆறு வாரம் வரை ஆகலாம். கட்டும் நிறுவனங்களில் காத்திருப்பு மாதக்கணக்கு. அடுத்த கோடையில் போக வேண்டுமானால் இந்தக் கோடையிலேயே தொடங்குங்கள். குளிர்காலத்தில் பழைய வண்டிகள் சற்று விலை குறையும், மழையில் கசிவும் தெரியும்.

10. எடுத்தபின் முதல் பயணம்

வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உள்ள முகாமில் இரண்டு ராத்திரி போதும். முகாமுக்குப் போன் செய்து கேளுங்கள்: நிறுத்துமிடம் புல்லா, சரளையா, கெட்டித் தரையா? மாற்றுத்திறனாளிக் குளியலறை எவ்வளவு தூரம், வழி சமதளமா? பின்பக்க லிஃப்ட் என்றால் வண்டிக்குப் பின்னால் லிஃப்ட் தட்டும் நாற்காலியும் இறங்க இடம் இருக்கிறதா? பூட்டியிருக்கும் மாற்றுத்திறனாளிப் பொதுக் கழிப்பறைகளைத் திறக்க ரேடார் சாவி வாங்கி வையுங்கள். ஹாய்ஸ்டும் பெரியவர் படுக்கும் மேசையும் தேவைப்பட்டால், ‘சேஞ்சிங் பிளேசஸ்’ கழிப்பறைகள் எங்கே என்று வழியிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கார் நிறுத்துமிடங்களில் ப்ளூ பேட்ஜ் இருந்தும் பயன்படாமல் போகும். வாசலில் இரண்டு மீட்டர் உயரத் தடுப்புக் கம்பி இருக்கும். மாற்றுத்திறனாளி இடம் பொதுவாக 4.8 மீட்டர் நீளம், உங்கள் வண்டி ஆறு மீட்டர். ஊருக்குள் போகும் முன் பேருந்து, லாரி நிறுத்துமிடங்களைப் பாருங்கள். கப்பலில் போவதானால் 48 மணி நேரம் முன்பே உதவி தேவை என்று சொல்லிவிட்டால் கப்பலின் லிஃப்டுக்குப் பக்கத்தில் நிறுத்த ஏற்பாடு செய்வார்கள். ஐரோப்பாவில் ப்ளூ பேட்ஜ் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி செல்லாது, நாடுவாரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியில் வண்டி நின்றுவிட்டால் உதவிக்கு வரும் நிறுவனத்தில் சேரும்போது வண்டியின் நீளம், உயரம், எடை மூன்றையும் சொல்லுங்கள். அதோடு, வண்டியை ஏற்றிப் போகும் லாரியில் வீல்சேரில் இருப்பவர் ஏற முடியாது, அவரை எப்படிக் கூட்டிப் போவீர்கள் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.